கதிர்க்குருவி வராத விஷயமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் உடல்நலத்தையும் அத்தான் உடல்நலத்தையும் முதலில் விசாரிப்பதுதான் மரியாதை, விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருக்கிற எரிச்சலில் இப்போது விசாரித்தால் சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும்.

விஷயம் உங்கள் மகளைப் பற்றியது. "குருவி ஆராய்ச்சிதான்டா, சத்தமில்லாத பிள்ளை, மாடியில ஒரு ஓரமா இருந்துக்குவா" என்று சொல்லி என் தலையில் கட்டினீர்கள். பிள்ளை சத்தமில்லாதவள்தான், அவளுடைய ஸ்பீக்கர் அப்படியில்லை. விடிவதற்கு முன்பே அதை வேலியில் மாட்டி ஆண் குருவியின் பாட்டைப் போடுகிறாள். வேலியில் குடியிருக்கும் ஆண் குருவி, எவனோ தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று பாய்ந்து வந்து ஸ்பீக்கரோடு மல்லுக்கு நிற்கிறது; அதற்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று இவள் குறித்துக்கொள்கிறாள். எனக்கு எவ்வளவு வருகிறது என்று யாரும் குறிப்பதில்லை. குருவி பிடிக்கக் கட்டிய மெல்லிய வலையில் போன வாரம் தபால்காரர், என் கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடியோடு சிக்கிக்கொண்டார். "அசையாதீங்க சார், அசைஞ்சா சிறகு ஒடிஞ்சிரும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே உங்கள் மகள் அவரை விடுவித்தாள். அவர் இப்போது கடிதங்களைத் தெருவிலிருந்தே வீசுகிறார். குளிர்சாதனப் பெட்டியில் என் கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் புழு, உயிரோடு. சாப்பிட உட்கார்ந்தால், "ஒரே கூட்டுல இருக்கிற குஞ்சுல பாதிக்கு அப்பா, பக்கத்து வேலிக் குருவி, மாமா. ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு" என்கிறாள். அந்தக் கூட்டின் ஆண் குருவி இது எதுவும் தெரியாமல் பொழுதுக்கும் புழுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேளுங்கள். போன வருஷம் குளிருக்கு முன்னால், கதிர்க்குருவிகள் கடல் தாண்டிப் போகிற சமயத்தில், சிலவற்றைப் பிடித்து முதுகில் அரிசிமணி அளவுக்கு ஒரு கருவியைக் கட்டிவிட்டாள். போகிற வழியில் எப்போது வெளிச்சம் வந்தது, எப்போது இருட்டியது என்று அது பதிந்துகொண்டே போகுமாம். அதை வைத்து எந்தக் கரை, எந்தக் காடு என்று கணக்குப் போட்டுவிடலாமாம். ஆனால் அது செய்தி அனுப்பாது. அதே குருவி இதே வேலிக்குத் திரும்பி வந்து, அதைப் பிடித்து, கருவியைக் கழற்றினால்தான் உண்டு. வெயில் திரும்பிவிட்டது. கருவி இல்லாமல், அடையாளத்துக்குக் காலில் வளையம் மட்டும் போட்டு அனுப்பிய குருவிகள் வந்து கூடு கட்டவும் ஆரம்பித்துவிட்டன. கருவி சுமந்து போனதில் ஒன்றுகூட வரவில்லை. "பாரம் தாங்காம கடல்ல விழுந்திருக்கும் மாமா. நான்தான் கொன்னுட்டேன்" என்கிறாள். கட்டைவிரல் அளவுக் குருவி, கருவி கட்டாவிட்டாலும் சாகத்தான் செய்யும் என்று ஆறுதலாக எதையோ உளறினேன். அன்றிலிருந்து என்னிடமும் பேச்சைக் குறைத்துவிட்டாள். சாப்பாடு பெயருக்குத்தான். இந்த மாதத்துக்குள் ஒரு கருவியாவது கைக்கு வராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட்டுக் கிளம்பு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆயுசு முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைத்தவன் நான். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். செத்த குருவிக்காக உயிருள்ள பிள்ளை உருகிப்போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நீங்கள் வருவீர்கள் என்று வீட்டையும் ஒழுங்கு செய்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி முழுக்க சோப்பைக் குழைத்துப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். "தோட்டம் அப்படியே கண்ணாடியில தெரியும் மாமா, குருவி அதை நிஜ மரம்னு நம்பி வந்து மோதிடும்" என்று விளக்கம் வேறு. லென்ஸில் ஒரு விரல் ரேகை இருந்தாலே எனக்குக் கை அரிக்கும், இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தனிக்கட்டை வீடு இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் மூக்கைச் சுளிப்பீர்களே என்று, இன்று காலை அவள் ஆற்றோரப் புதருக்குத் தேடப் போனதும், கடைத் துணியை எடுத்து முன் ஜன்னலைத் துடைத்துவிட்டேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. இனிமேல் எந்தக் குருவி வரப்போகிறது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். என் ஆசி உங்கள் மகளுக்கு எப்போதும் உண்டு, அவள் ஊர் போய்ச் சேர்ந்தபின் இன்னும் தாராளமாக உண்டு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: அக்கா, வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது முன் ஜன்னலில் டொக்கென்று ஒரு சத்தம். தபால்காரர் இப்போது கல்லில் சுற்றி வீசுகிறாரோ என்று திட்டிக்கொண்டே போனேன். ஜன்னலுக்குக் கீழே குருவி கிடந்தது. உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. காலில் வளையம். முதுகில் கருவி, ஒரு கீறல்கூட இல்லாமல். அதையும் சுமந்துகொண்டு அவ்வளவு கடலைத் தாண்டி வந்திருக்கிறது.

இதை வேலியோரம் புதைத்துவிட்டால் நான் மேலே கேட்டதெல்லாம் அப்படியே நடந்துவிடும். ஆராய்ச்சி மூடப்படும், பிள்ளை வீடு வந்து சேர்வாள், தான் கொன்றதாகவே சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். மண்வெட்டி எங்கே என்று ஒரு நிமிஷம் தேடக்கூடச் செய்தேன். ஆனால் அந்தப் பாரத்தோடுதானே அக்கா குருவி வந்திருக்கிறது? அவள் கொல்லவில்லை. இதை அவளிடம் சொல்வதென்றால் கொன்றது யார் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். 

கேட் திறக்கிறது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிறாள், "மாமா, ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன். இனி எழுந்து போகத்தான் வேண்டும்.