எதுக்கம்மாவும் அமெரிக்கப் பிரசாதமும்

திருத்தணியில் மலைமேல் இருக்கும் முருகனிடம்கூட எதையாவது மறைத்தவர்கள் உண்டு. எதுக்கம்மாவிடம் மறைத்தவர் ஒருவரும் இல்லை.

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதைப் படித்தவர் யாருமில்லை. யார் எந்த மருந்து கேட்டாலும், எடுப்பதற்கு முன் "எதுக்கு?" என்பார். அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. அரக்கோணம் பஸ் எங்கே நிற்கும் என்று வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாத்தனமாக அவரிடம் விசாரித்துவிட்டார். "அரக்கோணத்துக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்து, பெண் பார்க்கப் போகிறார், பெண்ணின் அப்பாவுக்குச் சுகர் என்பதுவரை தோண்டி எடுப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டன. பொதட்டூர்பேட்டை பஸ் கண்டக்டர் தலைவலி மாத்திரை கேட்டு வந்து, மாத்திரை கிடைக்காமல், முதலில் கண் டாக்டரைப் பார் என்று விரட்டப்பட்டார். கண்ணாடி போட்டதும் தலைவலி போனது வேறு விஷயம்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மூலத்துக்குக் களிம்பு வாங்கப் போன என்னை, பின்னால் என் மாமனார் நிற்கும்போது குறுக்கு விசாரணை செய்தவர். அன்றிலிருந்து நான் ரயிலடிக் கடைக்கே போய்வந்தேன்.

எஸ்.டி.டி. பூத்தெல்லாம் செல்போன் கடையாக மாறிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த என் அக்கா வீட்டுக்காரர், எங்களுக்குப் பாவா, ஒரு டப்பாவை நீட்டினார். மெலடோனின். விமானத்தில் நாடு விட்டு நாடு வரும்போது தூக்கம் குழம்பினால் அவர் போட்டுக்கொள்வது. அங்கே டாக்டர் சீட்டே வேண்டாம், வைட்டமினோடு வைத்து விற்கிறார்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையில் குடும்பமே விழுந்தது.

அம்மா அதற்கும் ஒரு படி மேலே போனாள். வெளிநாட்டு மருந்தைச் சும்மா சாப்பிடலாமா என்று மலைக்குக் கொண்டுபோய், அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்து, சாமி பாதத்தில் சேர்த்து வாங்கி வந்துவிட்டாள். அப்புறம் அது மாத்திரை இல்லை, பிரசாதம். பிரசாதத்துக்கு அளவு ஏது? அப்பாவுக்குப் படுக்கும்போது ஒன்று; நடுவில் விழித்தால் இன்னொன்று. தூக்கம் வராத பக்கத்து வீடுகள் மூன்றுக்கும் விபூதியோடு நாலு நாலு.

பத்து நாள் கழித்து, அப்பா தன் வழக்கமான மாத்திரை வாங்க எதுக்கம்மாவிடம் போனார். கடை வாசலில் நின்று கொட்டாவி விட்டார்.

"எதுக்கு நைனா கொட்டாவி? மணி பதினொண்ணு ஆவுது."

அப்பா பிரசாதத்தின் மகிமையை விளக்கியிருக்கிறார். கேட்டுக்கொண்டே வந்த எதுக்கம்மா, அவர் முழங்கையருகே நீலம் பாய்ந்திருந்த திட்டுகளைப் பார்த்தார். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்றார். நாலு நாளாக வருகிறது என்றார் அப்பா. மழைக்கும் கடையடைப்புக்கும் மூடாத கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு, அப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதைக் குடுத்தீங்க?"

"சாமி பாதத்துல வெச்சி எடுத்துகினு வந்தது. பிரசாதத்தை எதுக்குன்னு கேக்கலாமா?" என்றாள் அம்மா.

"ஆங், கேப்பேன். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோட இது சேந்தா, உள்ள ரத்தம் கசிஞ்சா நிக்காதுக்கா. சாமிக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து எதுக்கம்மா கையில் கொடுத்தாள். வால்வு மாற்றிய சென்னை டாக்டருக்கு எதுக்கம்மாவே போன் போட்டார். அன்றே அப்பாவை ரயிலேற்றிக் கொண்டுபோனேன். ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், மூலம்கூட மறந்துபோனது. ரத்தம் உறைய ஆகும் நேரம் இருக்கவேண்டிய அளவைக் கொஞ்சம் மீறியிருந்தது, நல்லவேளை, ஆபத்துக்குப் போகவில்லை. பாவா கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார் டாக்டர். அப்பா முன்னால் அழக்கூடாதே என்று கேன்டீனுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டர் மெலடோனினைத் திட்டவில்லை. இருட்டினால் உடம்பே சுரப்பதுதானாம் அது. ஒத்துக்கொள்கிறவர்களுக்குக்கூடக் குறைந்த அளவு, படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், கொஞ்ச நாளைக்கு மட்டும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. பிறகு அப்பாவின் தினசரியைக் கேட்டார். மதியம் மூன்று மணி நேரத் தூக்கம், ராத்திரி எட்டு மணிக்கு ஸ்ட்ராங் காபி. "இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?" என்று சிரித்தார்.

இதற்குள் எதுக்கம்மா மூன்று வீடுகளுக்கும் போய் மிச்சப் பிரசாதத்தை வசூலித்திருந்தார். அதில் ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர். முருகன் புண்ணியத்தில் அவர் நாலையும் பக்தியோடு பூஜை அலமாரியிலேயே வைத்திருந்தார்.

மதியத் தூக்கமும் எட்டு மணிக் காபியும் நின்றன. அப்பா காலை வெயிலில் சரவணப் பொய்கை வரை நடந்தார். மூன்றாவது வாரம் தூக்கம் தானாக வந்தது. நானும் ரயிலடிக் கடையை விட்டுவிட்டேன். களிம்பு வேண்டுமென்றால் எதுக்கம்மாவிடமே போய், யார் பின்னால் நின்றாலும் உரக்கக் கேட்டேன்.

அப்பா கடைசிவரை, நடந்து திரும்பும்போது அந்தக் கடை முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்.

"என்னா வேணும் நைனா?"

"ஒண்ணும் வேணாம்மா. ராத்திரி நல்லா தூங்கனேன். சொல்லிட்டு போலாம்னு வந்தேன்."

அதற்கு மட்டும் அந்த மகராசி ஒரு நாளும் எதுக்கு என்று கேட்டதில்லை.