பத்தடி தள்ளி நின்று பார்த்த பெண்

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பெண் பார்க்கப் போனவன் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒத்துக்கொள்கிறேன்.

அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நாகர்கோவிலில் போட்டோவைப் பார்த்து உருவப்படம் எழுதுவது என் தொழில். கட்டம் போட்டு, மீசையில் எத்தனை முடியோ அத்தனையையும் எண்ணி எழுதுவேன். (ஒரு முடி குறைந்தால் சோறு இறங்காது.) அப்படிப்பட்டவன் திருவனந்தபுரத்தில் பத்து நாள் எண்ணெய் வண்ணப் பயிற்சிக்குப் போனேன். நடத்திய ஓவியர் முதல் நாளே என் பொடித் தூரிகையைப் பிடுங்கிவிட்டு, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஒன்றைக் கொடுத்தார். "முடியை விடு, நிழலைப் பிடி. கண்ணைச் சுருக்கிப் பார். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பச்சை போடு. அடிக்கடி பின்னால் போய்ப் பார்" என்று ஒரே அதட்டல். பத்தாம் நாள் பஸ் கண்டக்டரைக்கூடக் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தேன்.

ஊர் திரும்பும் வழியில் தக்கலையில் பஸ் நின்றதும், அங்கே காத்திருந்த மாமா என்னை இழுத்து இறக்கினார். அன்றுதான் பெண் பார்க்கும் நாள். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே, கட்டினால் இவளைத்தான் என்று கிடந்தேன். சாயப்பெட்டியும் கையுமாகவே போய் உட்கார்ந்தேன்.

பெண் காப்பி கொண்டுவந்தாள். கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். ஐயோ, என்ன நிழல்! கண் தானாகச் சுருங்கியது. தலையைச் சாய்த்தேன். எழுந்து இரண்டடி பின்னால் போய் முறுக்குத் தட்டில் மிதித்தேன்.

பெண் உள்ளே ஓடிவிட்டாள். கொப்பரை வியாபாரியான அவள் அப்பாவுக்கு முகம் இறுகியது. "தம்பிக்குக் கண்ணு செரியா தெரியாதோ? நெய்யூர் ஆஸ்பத்திரியில காட்டினியளா?"

"ஏலே, மானத்த வாங்காத!" என்று மாமா என் காதில் சீறினார்.

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியும். இப்பமே உங்கள எழுதிக் காட்டுதேன்" என்று பெட்டியைத் திறந்தேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

ஒரு மணி நேரத்தில் பெரிய தூரிகையால் வீசி எழுதி முடித்துவிட்டேன். சொந்தபந்தம் மொத்தமும் படத்தில் மூக்கு உரசுகிற அளவுக்கு நெருங்கியது. பெண்ணின் அத்தை அலறினாள்: "எம்மா! அண்ணனுக்கு மொகமெல்லாம் பச்சையா இருக்கே! இது மூக்கா, புளியங்காயா?"

"எனக்குக் கண்ணே இல்லியே" என்று எழுந்த அப்பா, மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "இது நமக்கு ஒத்துவராது."

மாமா செருப்பைத் தேடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். காப்பி கொடுத்த பெண் மறுபடி சபைக்கு வரக்கூடாது என்பது அந்த வீட்டு முறை. அதனால் அவள் கூடத்துக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் மாறி நில்லுங்கோ! அப்பாவேதான்! காப்பியில சீனி கொறஞ்சா இப்படித்தான முழிப்பாவ!"

ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்கள். கடைசியாக அப்பா போனார். மீசையைத் தடவினார். "கொள்ளாமே!" என்றார். (எங்கள் பக்கத்தில் 'கொள்ளாம்' என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.) எனக்கு உயிர் வந்தது.

அடுத்த ஆவணியில் கல்யாணம். இன்றைக்கும் யாராவது என்னைப் புகழ்ந்துவிட்டால் போதும், என் மனைவி அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"கிட்ட போய்ப் பாக்காதிங்கோ, கொள்ளாது. பத்தடி தள்ளி நில்லுங்கோ, ஆளு கொள்ளாம்!"