உச்சஸ்தாயியும் இரண்டு விலா எலும்பும்

லாங் பஜாரில் ஸ்கூட்டர் ஓட்ட இரண்டு கண் போதாது. தேவானந்தம் இரண்டையும் மூடிக்கொண்டார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவர் தனியாகப் பாடவேண்டிய கீர்த்தனை, அவர் வாயில் அப்போதுதான் உச்சத்தைத் தொட்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது, வெங்காயம் ஏற்றிய கைவண்டியின் கைப்பிடி அவர் நெஞ்சைத் தொட்டிருந்தது.

"இன்னா சார், தூங்கிட்டே வர்றீங்களா?" என்றார் வண்டிக்காரர் சர்தார் பாஷா.

தேவானந்தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார்.

இரண்டு விலா எலும்பில் விரிசல். கை, கால் என்றாலாவது மாவுக்கட்டு போட்டுப் பெருமையாகக் காட்டலாம். விலாவுக்கு அதுவும் கிடையாதாம். மாத்திரை, மூச்சுப்பயிற்சி, ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். பண்டிகைக்கு நாலே நாள்தான் இருந்தது.

பதிமூன்று வருஷமாக அந்தப் பாட்டு தேவானந்தத்துடையது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே சூப்பர்வைசர் ஆனவர். தம் முன்னால் மைக் வைப்பது வெறும் மரியாதைக்கு என்று நம்புகிறவர். விஷயம் தெரிந்தால் பாடகர் குழுவை நடத்தும் ஜோவின் என்பவர் பாட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே கேட்டவர்களிடமெல்லாம் வாயுப்பிடிப்பு என்றார்.

வாயு என்றதும் ஒத்திகைக்கு வந்த அத்தனை பேரும் வைத்தியர் ஆனார்கள். ஓமத்தண்ணீர் வந்தது. குடித்ததும் புரையேறியது. இருமலை நிறுத்த அவர் முதுகில் நாலு போடு போட்டார் ஜோவின். தேவானந்தத்தின் கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது.

"பாட்டுல அவ்ளோ உருகிட்டீங்களாண்ணே," என்று நெகிழ்ந்துபோன ஜோவின், அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஹெலனின் பழைய புடவையை எடுத்து நெஞ்சைச் சுற்றிக் கட்டினார். இப்போது வலியோடு மூச்சும் முட்டியது.

"டாக்டர் கட்டக் கூடாதுன்னாருல்ல? சளி சேர்ந்துடும்," என்று ஹெலன் அவிழ்த்துவிட்டாள். "இந்த வருஷம் வேற யாராவது பாடட்டுமேங்க."

"என்னை வுட்டா வேற யாரு இருக்கா?"

ஹெலன் புடவையை மடிப்பதில் மும்முரமானாள்.

பண்டிகை ஞாயிறன்று எழுந்து நின்று மூச்சை இழுத்தார். பாதியிலேயே விலா பிடித்து நிறுத்தியது. மிச்சமிருந்த காற்றுக்குத் தொட்டில் ஆட்டுகிற குரல்தான் வந்தது. முதல் பெஞ்சிலிருந்த ஹெலன் மைக்செட் பக்கம் திரும்பிக் கையை அசைத்தாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தார். மானம் போயிற்று என்று தெரிந்தும், பாட்டை விட மனமில்லாமல் பாடி முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் கடைசி பெஞ்சில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும், ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட் பச்சையப்பனிடம் போனார்.

"இவ்ளோ மெதுவா பாடியும் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்க்கீதே. மைக் புதுசா?"

பச்சையப்பன் ஒயரைக் கீழே வைத்தார்.

"அதே மைக்தான் சார். பதிமூணு வருஷத்துல இன்னிக்குத்தான் ஆன் பண்ணேன்."