குடும்பத் தலைவர் என்றொரு கட்டம்

மூன்று நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்தவனிடம் மட்டும் பொறுப்பான வேலை எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு நாள் போனவனுக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரியும். மூன்று வருடம் படித்தவனுக்கும் அது தெரியும். இந்த மூன்று நாள்காரன்தான் ஊரைத் திருத்தப் புறப்படுவான். நான் புறப்பட்டேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருடம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். (பேர் பெரிது. மோட்டார் சைக்கிள் கூட மச்சானுடையது.) கொழும்பில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் ‘எல்லோரையும் உள்ளடக்கும் ஜனநாயகமும் பொறுப்புக்கூறலும்’ என்று மூன்று நாள் படிப்பித்தார்கள். திரும்பும்போது என்னிடம் ஒரு சான்றிதழ், ஒரு தோள்பை, யாருக்காவது ஜனநாயகத்தைக் கொடுத்தே தீருவது என்ற வெறி, மூன்றும் இருந்தன.

மாட்டியது வாகரைப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்று. வீடுகளைக் கடல் அடியோடு கொண்டுபோயிருந்தது. சனங்கள் கூடாரங்களில் வெந்துகொண்டிருந்தார்கள். எங்கள் நிறுவனம் நாற்பது வீடு கட்டிக் கொடுப்பதென்று முடிவாகி, யாருக்கு எந்த வீடு என்ற பட்டியலை என்னிடம் எழுதச் சொன்னார்கள்.

படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். வீடு அந்தப் பேருக்குத்தான் எழுதப்படும். நான் அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே இருந்தபடியே புருஷன்மாரின் பேர்களை மளமளவென்று நிரப்பினேன். ஒரே இடத்தில்தான் பேனா நின்றது. கருவாடு விற்கிற தவமணியக்காவின் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. கட்டத்தை வெறுமையாக விடலாமா? யோசித்து, அக்காவின் தம்பி சின்னராசாவின் பேரை எழுதினேன். எழுதிவிட்டு, ஒரு விதவையையும் விட்டுவிடாத என் நல்ல மனதை நானே மெச்சிக்கொண்டேன்.

மேலதிகாரி, “எல்லாரிட்டயும் கையெழுத்து வாங்கிற்று வாரும், போதும்” என்றார். எனக்குப் போதுமா? ஊரைக் கூட்டி, பட்டியலை வாசித்து, இரகசிய வாக்கெடுப்பு வைப்பேன் என்று நின்றேன்.

கூட்டம் காலை பத்து மணிக்கு, புளியமரத்தடியில். ஆண்கள் முன்னால் கதிரைகளில் இருந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். (உள்ளடக்கிய ஜனநாயகம்! எனக்கு அதுவும் கண்ணில் படவில்லை.) ஒலிபெருக்கியைப் பிடித்து அரை மணித்தியாலம் முழங்கினேன். “பெரும்பான்மை ஏற்காவிட்டால் இந்தப் பட்டியலை இங்கேயே கிழித்தெறிவேன்!” என்றபோது கைதட்டு வரும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். ஒரு நாய் மட்டும் எழுந்து போனது.

பிறகு வாக்களிப்பது எப்படி என்று செய்து காட்டினேன். ‘ஏற்கிறேன்’ என்ற இடத்தில் புள்ளடி போட்டு, சீட்டை மடித்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். பட்டியலை வாசித்தேன். பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பதினெட்டாம் இலக்க வீட்டை வாசித்ததும் அது நின்றது. தவமணியக்கா முன்னுக்கு வந்துவிட்டார்.

“சேர், பதினேழு ஆருக்கெண்டீங்க?”

“உங்கட தம்பி சின்னராசாவுக்கு அக்கா. அதில நீங்களும் இருக்கலாம்.”

“அவன் அவன்ட பெண்சாதிர வீட்டுக்குப் போய்ப் பதினொரு வருசம். பதினெட்டில அவனுக்கு இன்னொண்டு எழுதியிருக்கீங்க. ஒரு ஆம்பிளைக்கு ரெண்டு வீடு, வீட்டுக்காரிக்கு ஒண்டுமில்ல. இது என்ன கணக்கு தம்பி?”

(சேர், தம்பியானது அந்த இடத்தில்தான்.)

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணம் முடிக்கிற ஆண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இருப்பான். இது எனக்குத் தெரியாதா? நான் பிறந்த வீடு அம்மாவுடையது. அதை என் அக்காவுக்கு எழுதியாயிற்று. அப்பா அந்த வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அம்மாவைக் கேட்டுத்தான் அடிப்பார். இவ்வளவும் தெரிந்த நான், அச்சடித்த ஒரு கட்டத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துபோனேன். மண்டைக்குள் களிமண்தான் இருந்திருக்க வேண்டும்.

“என்ட மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்ச அடுத்த மாசந்தான் கடல் வந்த” என்றார் தவமணியக்கா. “மாப்பிள்ளை வீட்டார் நல்ல சனம், பொறுத்துக்கொண்டு இருக்காங்க. வீடில்லாம அந்தப் பிள்ளைய எங்க கூப்பிடுற? கூடாரத்துக்கா? மறுகா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா மனே?”

அப்போது முன்வரிசையில் சின்னராசா எழுந்தார். ஆண்களாவது எனக்காகப் பேசுவார்கள் என்று ஆசையோடு பார்த்தேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, ரெண்டு வீட்டிலயும் என்ட பேரை வெட்டிவிடுங்க. என்ட மனிசி பின்னால நிக்கிறா. நான் இண்டைக்கு வீட்ட போகோணும்.”

அவ்வளவுதான். “என்ட பேரையும் வெட்டுங்க!” “என்டயும்!” என்று கதிரைகள் எல்லாம் எழுந்தன. இலவச வீடு வேண்டாம் என்று ஆண்கள் வரிசையில் நின்று கெஞ்சியதை வேறு எந்தக் கள உத்தியோகத்தரும் கண்டிருக்க மாட்டார்.

சமாளிக்கலாம் என்று, “வாக்கெடுப்பு முடியட்டும்” என்றேன். முடிந்தது. டின்னைத் தவமணியக்காவே திறந்தார். சீட்டுகளைச் சின்னராசா உரக்க எண்ணினார். ஏற்கவில்லை, எழுபத்தாறு. ஏற்கிறேன், ஒன்று.

“ஆர்ரா அந்த ஒண்டு?” என்று ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது கொதித்தது. செய்து காட்டப் போட்ட சீட்டை வெளியே எடுக்க மறந்திருந்தேன். யாரும் சொல்லாமலே தவமணியக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டார். கடல் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம் என்று பிறகு சொன்னார்கள்.

“சொன்னபடி கிழிங்க மனே” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கிழித்தேன். இந்த முறை கைதட்டு வந்தது, விசிலும் வந்தது.

புதிய பட்டியலை அந்த மரத்தடியிலேயே பெண்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். மேலதிகாரி என்னைத் தின்னாத குறைதான். ஆனாலும் பட்டியல் நின்றது. பதினேழாம் வீட்டில் தவமணியக்காவின் மகளுக்குக் கல்யாணமும் நடந்தது. பிறகு யுத்தம் அந்தச் சனங்களை மறுபடியும் துரத்தியது. எல்லாம் ஓய்ந்து அவர்கள் திரும்பியபோது நானும் போனேன். பதினேழில் கூரை இல்லை, கதவு இல்லை. தவமணியக்கா மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டினார். அவருடைய பேர் அதில் அப்படியே இருந்தது. “ஓடக்குள்ள இதைத்தான் முதல்ல எடுத்த நான்” என்றார். அழுதது நான்தான். அவர் எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் எனக்கு வவுணதீவில் கல்யாணம். தவமணியக்கா கருவாட்டுப் பொதியோடு வந்திறங்கினார். நான் மாப்பிள்ளைக் கோலத்தில் பெண் வீட்டு வாசலில் நிற்க, அவர் உள்ளே எட்டிப் பார்த்து மணப்பெண்ணிடம் சத்தமாகக் கேட்டார்:

“புள்ள, இந்த வீடு ஆர்ர பேரில?”

“என்ட பேரிலதான் மாமி.”

“அப்ப சரி. ஆளை உள்ள விடலாமா எண்டு ஒரு வாக்கெடுப்பு வைங்க.”

சபை முழுவதும் கை தூக்கியது. எங்களுக்கு ஒரு மகள் பிறந்து பேசத் தொடங்கியதிலிருந்து, நான் எந்த வேலைக்குப் போய் எந்த நேரத்தில் திரும்பினாலும், வாசல் படலையைத் தட்டினால் உள்ளிருந்து மகளின் குரல்தான் முதலில் வரும்: “அம்மா, வாக்கெடுப்பு!” இருவரும் கூடிப் பேசுவது கேட்கும். இதுவரை நான் தோற்றதில்லை. இரண்டு முறை மட்டும் முடிவு வரும்வரை மழையில் நின்றிருக்கிறேன்.