பல்லியின் ஒரிஜினல் வால்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. வயதாகிவிட்டதால் அது வேட்டைக்குப் போவதில்லை, தன் குகையில் ஆபீஸ் வைத்திருந்தது. சிங்கத்தின் மூக்கில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் ஆபீஸின் வேலை.

அங்கே வைரமணி என்ற பல்லி வேலைக்குச் சேர வந்தாள். ஆள் எடுக்கும் பொறுப்பு ஏகாம்பரம் என்ற நரியிடம் இருந்தது.

"ரெண்டு மழைக்காலம் முடியற வரைக்கும் வேலையை விடக் கூடாது. அதுவரைக்கும் உன் ஒரிஜினல் வால் எங்ககிட்ட இருக்கும். நடுவுல போனா வால் வராது" என்றார் நரி.

"வால் எதுக்கு சார்?"

"ட்ரெய்னிங் குடுக்கிறோம்ல. வால் பத்திரமா இருக்கும்மா, நம்பு."

ஒருவர் பேசும்போது பல்லி சத்தம் போட்டால் அவர் சொன்னது உண்மை என்பார்கள். நரி பேசியபோது எந்தச் சத்தமும் இல்லை. குகையில் இருந்த ஒரே பல்லி வாலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ட்ரெய்னிங் என்பது சுவரில் ஏறுவது எப்படி என்ற பாடம். நடத்தியவர் ஆமை. அவர் சுவரில் ஏறியதில்லை, ஆனால் அந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர். வைரமணி சுவரில் ஒட்டிக்கொண்டே பாடத்தைக் கேட்டாள். கடைசியில் ஆமை, "பரவால்ல, தேறிட்டே" என்றார்.

பிடித்த ஈயை விழுங்கக் கூடாது, ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். மாதக் கடைசியில் இறக்கைகள் மட்டும் சம்பளமாக வரும். அதிலும் பிடித்தம் உண்டு.

ஒரு மழைக்காலம் போயிற்று. காட்டின் எல்லையில் ஒரு பாழடைந்த சுவர். அதன் விரிசலில் வைரமணி இரண்டு முட்டைகள் இட்டிருந்தாள். பல்லிகள் முட்டையிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஊரில் பேச்சு. இவள் அப்படியில்லை. முதல் பிள்ளைகள், கண் திறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தவித்தாள். நரியிடம் போய் லீவு கேட்டாள்.

"எதுக்கு லீவு?"

சொன்னாள்.

"அப்படியா, எந்தச் சுவரு? எத்தனை முட்டை? எப்போ பொரியும்?" என்று நரி அக்கறையாக விசாரித்தார். அந்த ஆபீஸில் அதுவரை யாரும் அவள் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய் எல்லாவற்றையும் சொன்னாள், குறுக்கு வழி உட்பட.

"ரொம்ப சந்தோஷம். ஆனா லீவு கிடையாது."

"அப்போ வேலையே வேணாம் சார்."

"வாலு?"

வைரமணி திரும்பி நின்றாள். புது வால் முளைத்திருந்தது. கொஞ்சம் குட்டை, கொஞ்சம் வெளிறல், ஆனாலும் வால்.

"அதை நீங்களே வச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மற்ற கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

அவள் இரவெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போய் அடுத்த நாள் சேர்ந்தபோது ஓடுகள் காலியாகக் கிடந்தன. சுவரில் இரண்டு குட்டிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் வால் இல்லை.

"நீங்கதான் எங்கம்மாவா?" என்றது மூத்தது.

"ஆமாண்டா கண்ணு. வாலு எங்கடா?"

"நேத்து ஆபீஸ்லேருந்து காக்கா மாமா வந்தாரு. எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தாரு. அப்புறம் வேலைக்கு ஆள் எடுக்க வந்தது ஞாபகம் வந்து மூடிக்கிட்டாரு. வாலை வாங்கிட்டுப் போயிருக்காரு. நாளைக்குச் சேரணும்."

"உங்க அம்மா வேலை பார்க்கிற இடம்தான்னு சொன்னாரும்மா" என்றது இளையது. "அதான் உடனே சரின்னுட்டோம். இனிமே உங்க கூடவே இருக்கலாம்ல?"

வைரமணி குட்டிகளின் முகத்தைப் பார்த்து, "இருக்கலாம்டா" என்றாள்.

மறுநாள் மூவரையும் பார்த்து நரி கோபப்படவில்லை. "வாம்மா. திரும்பி வர்றவங்களையும் நாங்க புதுசாதான் சேர்த்துக்குவோம்" என்றார். அவளுடைய புது வாலை வாங்கிப் பழைய வாலின் பக்கத்தில் வைத்தார்.

ட்ரெய்னிங் தொடங்கியது. ஆமை உள்ளே வந்து, சுவரில் இருந்த மூன்று பல்லிகளையும் அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாரும் கீழே இறங்கி உட்காருங்க. சுவர்ல ஏறுறது எப்படின்னு பார்க்கலாம்."

குட்டிகள் அம்மாவைப் பார்த்தன. அம்மா இறங்கினாள்.

நீதி: எதற்கு லீவு என்று கேட்டால், வயிற்றுவலி என்று மட்டும் சொல்லவும்.