இருபத்துமூன்று பங்களிப்பாளர்களும் அரை ஏக்கர் சப்பியும்

சூரிய வெளிச்சத்துக்கு அடுத்தபடியாக மனிதகுலத்துக்கு இலவசமாகக் கிடைக்கவேண்டியது மென்பொருள்தான் என்ற பேருண்மையை உலகத்துக்கு முதலில் அறிவித்தது யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிளிநொச்சிக்கு அறிவித்தது ‘வன்னி திறந்த மூலப் பேரவை’ என்பதில் ஒரு வேறுபாடும் இல்லை. பேரவையே அப்படித் தீர்மானம் நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் பதிந்துவிட்டது.

திறந்த மூலம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒருவர் எழுதிய நிரலை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். எல்லோரும் கைகொடுத்தால் எல்லோருக்கும் நன்மை. இந்தக் கொள்கைக்காகத் தலைவர், உபதலைவர், செயலாளர், போஷகர்கள், பிரதேச இணைப்பாளர்கள் என்று பேரவையில் இருபத்துமூன்று பதவிகள் இருந்தன. உறுப்பினர்களும் சரியாக இருபத்துமூன்று பேர். நிரல் எழுதத் தெரிந்த ஓர் ஆள்தான் குறை. அந்தக் குறையைத் தீர்க்க அக்கராயனில் சிவரூபி அகப்பட்டாள்.

சிவரூபி வவுனியாவில் கணினி படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். தாய் அருந்ததிக்கு வாய்க்காலின் கடைக்கோடியில் இரண்டு ஏக்கர் வயல். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை அந்த வாய்க்காலின் பதினாறு வயல்காரரும் முறை வைத்துத்தான் எடுக்கவேண்டும், ஆளுக்கு அரைநாள். ‘இண்டைக்கு என்ர முறை’, ‘இல்லை, என்ர முறை’ என்று வருடா வருடம் மண்வெட்டி ஓங்கிய சண்டையைப் பார்த்துச் சலித்துப்போய் அவள் ஒரு சின்ன மென்பொருள் எழுதினாள். பெயர், தொலைபேசி, காணி அளவு என்று ஒரு பட்டியல். அந்த வரிசைப்படி, ‘இப்போது இன்னார் முறை’ என்று மதகு திறக்கும் மயில்வாகனத்தின் போனுக்குத் தகவல் போகும். அவ்வளவுதான். சண்டை நின்றது. போன் சொல்வதே முறை என்று கமக்காரர் கூட்டத்தில் கைதூக்கி முடிவும் எடுத்துவிட்டார்கள்.

இப்படி ஒரு நல்ல காரியம் தனிமனுசியின் கையில் அநாதரவாகக் கிடப்பதைப் பேரவை பொறுக்குமா? தலைவர் சுகிர்தன் நேரில் வந்தார்.

“தங்கச்சி, இதைச் சமூகத்துக்குத் திறந்து விடுங்கோ. உலகமே வந்து கைகுடுக்கும்.”

அவள் நம்பினாள். குத்துவிளக்கு ஏற்றி, மூன்று மணித்தியாலம் உரைகள் நிகழ்ந்தபின், கடவுச்சொல்லை உறையில் போட்டு, வெற்றிலைத் தட்டில் வைத்துப் பேரவையிடம் ஒப்படைத்தாள். மென்பொருள் உலகில் கடவுச்சொல் இவ்வளவு மங்களகரமாகக் கைமாறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நிரல் எழுதியவள் என்ற முறையில் அவளுக்குச் ‘சாதாரண உறுப்பினர்’ பதவி கிடைத்தது.

அதன்பின் சமூகம் பங்களிக்கத் தொடங்கியது. அப்பப்பா, என்ன உற்சாகம்! பங்களிப்பாளர் என்றால் மென்பொருளுக்குள்ளே பெயர் இருக்கவேண்டும். நிரலைத் திறந்து பார்த்தார்கள், தலை சுற்றியது. வாசித்து விளங்கக்கூடிய கோப்பு அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெயர்ப்பட்டியல். பேரவையார் அத்தனை பேரும் அதில் தங்கள் பெயரைப் பதிந்தார்கள். தொலைபேசி இலக்கத்தையும் மறக்காமல் போட்டார்கள். காணி அளவு கேட்ட இடத்தில் சிலர் பதவியை எழுதினார்கள். பட்டியலின் கடைசிப் பெயராக நிற்க எந்தப் பங்களிப்பாளருக்கும் மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் கடைசி வரியில் இருந்த அருந்ததிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மென்பொருளுக்குச் சூதுவாது தெரியாது. புதிதாக இருபத்துமூன்று கமக்காரர் வந்திருக்கிறார்கள் என்று அது சந்தோசப்பட்டு, ஆளுக்கு அரைநாள் தண்ணீர் ஒதுக்கியது. எட்டாம் நாள் அருந்ததிக்கு வரவேண்டிய முறை இருபதாம் நாளுக்குப் போயிற்று.

ஒன்பதாம் நாள் சிவரூபி மதகடிக்கு ஓடினாள். மதகு பூட்டிக் கிடந்தது. மயில்வாகனம் போனை நீட்டினார்.

“இண்டைக்கு லக்சிகா எண்ட பிள்ளையின்ர முறை. வயலைத் தேடினன், காணேல்லை. அதான் பூட்டி வைச்சிருக்கிறன்.”

“ஐயா, அவா பேரவைச் செயலாளர். ரவுணில இருக்கிறா. அவவுக்கு ஏது வயல்? எங்கட வயலுக்கு விடுங்கோ.”

“பிள்ளை, போன் சொல்லுறதுதான் முறை எண்டு கைதூக்கின ஆக்களில நீயும் ஒராள். நான் வாயால ஒருத்தற்ற முறையை வெட்டினா, நாளைக்குத் திரும்ப மண்வெட்டி தூக்குவாங்கள்.”

மற்ற வயல்காரரும் தலையிட வரவில்லை. மேல்வயல்களுக்குக் குளத்துக் கசிவு இருந்தது, அவர்களுக்கு அவசரமில்லை. கடைக்கோடியில்தான் நெல், கதிர் கட்டும் குடலைப் பருவத்தில் தண்ணீர் கேட்டு நின்றது.

“உன்ர மிசின் எல்லாருக்கும் தண்ணி விடுது, பெத்த தாய்க்கு விடாதாமோ?” என்றாள் அருந்ததி. சிவரூபி அன்றே பேரவைக்குப் பிழை அறிக்கை அனுப்பினாள். அதற்கு உடனடிப் பலன் கிடைத்தது: கனடாவில் இருந்து நாற்பது பேர் அந்த மென்பொருளுக்கு நட்சத்திரம் குத்திப் பாராட்டினார்கள். நாற்பது நட்சத்திரத்துக்கும் சேர்த்து ஒரு சிரட்டைத் தண்ணீர் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பேரவை கூடியது. மௌன அஞ்சலி, வரவேற்புரை, சென்ற கூட்டக் குறிப்பு எல்லாம் முடிந்து அவளுடைய விடயம் எடுக்கப்பட்டபோது வயலில் வெடிப்பு விரல் போகும் அளவுக்கு வந்துவிட்டது.

“பட்டியலில இருந்து இருபத்துமூண்டு பேரை எடுக்கவேணும்” என்றாள் சிவரூபி.

சபை அதிர்ந்தது. “பங்களிப்பாளரையோ?” என்றார் சுகிர்தன்.

“அவை என்னத்தைப் பங்களிச்சவை, அண்ணை?”

“பெயரை!”

“அது தண்ணிக்குரிய பட்டியல். அம்மான்ர வயல் காயுது.”

“தங்கச்சி, உணர்ச்சிவசப்படக்கூடாது. இது பிழையோ, புதிய வசதியோ எண்டு முதலில ஒரு உபகுழு ஆராயவேணும். லக்சிகா, எழுதுங்கோ.”

“ஒரு நிமிச வேலை அண்ணை. கடவுச்சொல்லைத் தாங்கோ, நானே அழிக்கிறன்.”

“தனியாள் முடிவெடுத்தா அது திறந்த மூலமே? ஒராள் முன்மொழியவேணும், இன்னொராள் வழிமொழியவேணும்.”

“நான் முன்மொழியிறன்.”

வழிமொழிய ஆளில்லை. வழக்கமாக வழிமொழிபவர் ‘கைகொடுத்தால் உலகம் நம் கையில்’ என்ற தலைப்பில் பேசத் துணுக்காய்க்குப் போயிருந்தார். விடயம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நன்றியுரையில் சிவரூபிக்கும் நன்றி சொன்னார்கள்.

அவள் அழுதுகொண்டு வரவில்லை. மறுநாள் காலை நேரே மயில்வாகனத்திடம் போனாள்.

“ஐயா, முறை இருக்கிற ஆக்கள் எல்லாரும் வாய்க்கால் துப்புரவாக்க வரவேணும் எல்லோ?”

“வராட்டி? ஆளுக்குக் கயிறு பிடிச்சு அளந்து விடுவன். வராதவன்ர முறை வெட்டு. அது அந்தக் காலத்துச் சட்டம்.”

“அதுக்கு உங்கட போனில ஒரு பொத்தான் வைச்சுத் தந்தனான். அமத்துங்கோ.”

மயில்வாகனம் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பொத்தானைப் பார்த்தார். பெருவிரலால் அழுத்தினார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் பேரவையாரின் இருபத்துமூன்று போன்களும் சிணுங்கின. ‘நாளை காலை 6 மணி. உங்கள் பங்கு பதினைந்து மீற்றர் வாய்க்கால். மண்வெட்டியுடன் வரவும். வராதவர் பெயர் வாசிகசாலைப் பலகையில் எழுதப்படும்.’

ஆகா! திறந்த மூலத்தின் மகிமையை அன்று பின்னேரந்தான் பார்க்கவேண்டும். உபகுழு கூடவில்லை. முன்மொழியவும் வழிமொழியவும் யாரும் ஆள் தேடவில்லை. ஒருவருக்கு இடுப்பில் நாரி நோ, ஒருவருக்குக் கொழும்புப் பயணம், தலைவருக்கு ‘தவிர்க்கமுடியாத காரணம்’. நாலு மணிக்குள் இருபத்துமூன்று பேரும் தங்கள் பெயரைத் தாங்களே அழித்துவிட்டார்கள். அந்த மென்பொருளுக்கு அவர்கள் செய்த ஒரே உருப்படியான திருத்தம் அதுதான்.

அடுத்த நாள் காலை அருந்ததியின் வயலுக்குத் தண்ணீர் வந்தது. ஒன்றரை ஏக்கர் தப்பியது. மேட்டுப்பக்கத்து அரை ஏக்கர் தப்பவில்லை; கதிர் வந்தது, மணி பிடிக்கவில்லை. அறுத்தபோது அவ்வளவும் சப்பி, அரிசியில்லாத வெறும் பதர்.

அறுவடை முடிந்த கிழமை பேரவைக்கு ஒரு விருது கிடைத்தது. ‘மூன்றே மணித்தியாலத்தில் இருபத்துமூன்று திருத்தங்கள்: சமூக ஒத்துழைப்பின் சிகரம்’ என்று சான்றிதழில் பொன்னெழுத்தில் இருந்தது. பயனாளியுடன் படம் எடுக்கச் சுகிர்தன் சான்றிதழோடும் படப்பிடிப்பாளரோடும் வீட்டுக்கே வந்தார்.

“அம்மா, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ” என்றார்.

அருந்ததி சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பெரிய சாக்கை இழுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள். வாய் இறுக்கிக் கட்டிய சாக்கு.

“என்னம்மா இது?”

“உங்கட இருபத்துமூண்டு பேற்ற விளைச்சல், தம்பி. கொண்டுபோய்ப் பிரிச்சுக் குடுங்கோ.”

சுகிர்தன் சாக்கின் பருமனைப் பார்த்துத் தயங்கினார். தூக்குவதற்குத் துணையாக யாராவது வருவார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“பயப்பிடாதேங்கோ தம்பி, ஒராளே தூக்கலாம்” என்றாள் அருந்ததி. “உள்ளுக்க ஒண்டுமில்லை.”