இமை தூக்கும் தசை

அந்த வருஷம் உளுந்துச் செடி ஒன்றைக்கூடத் தொடுவதில்லை என்று நேசமணி முடிவெடுத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டியில் மூத்தோர் ஹாக்கி. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கான ஆட்டம். வருஷாவருஷம் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தவனை, இந்த முறைதான் கேப்டன் கார்த்திகேசன் சென்டர் ஹாஃபில் போட்டிருந்தான். அதே சனிக்கிழமைதான் பசுவந்தனைக்குப் பக்கத்தில் மாமனாரின் கரிசலில் உளுந்து பிடுங்க வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன மாமனார் குனியக்கூடாது. நெற்று கறுத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வெயில் அடித்தால் காட்டிலேயே வெடித்துச் சிதறிவிடும். காலையெல்லாம் குனிந்து செடி பிடுங்கியவன் சாயங்காலம் மட்டையைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாது. நிமிரவும் முடியாது.

போன வருஷம் முதுகு வலி என்று சொல்லிப் பார்த்தான். அவன் மனைவி அஞ்சலின் அப்போதுதான் மெடிக்கல் கோடிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற நோய்ப் பெயர்களை எண்களாக மாற்றும் வேலைக்கான படிப்பு.

"எங்கன வலிக்கி?" கட்டை விரலால் அழுத்தினாள்.

"அங்கனதான்."

"இது லட்டிசிமஸ் டார்சை. இது வலிச்சா கையத் தலைக்கு மேல தூக்க முடியாது. தூக்குங்க பாப்போம்."

தூக்கிவிட்டான். யோசிக்காமல் தூக்கிவிட்டான். போன வருஷத்து உளுந்து அந்தக் கையால்தான் வீடு வந்து சேர்ந்தது.

இந்த வருஷம் அவள் தசைப் பாடத்துக்கு வந்திருந்தாள். தோசை ஊற்றிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். நேசமணி தட்டோடு எதிரில் உட்கார்ந்து கேட்பான். முதலில் தோசைக்காகத்தான் உட்கார்ந்தான். பிறகு தோசை ஆறுவதுகூடத் தெரியாமல் போயிற்று.

"சார்ட்டோரியஸ்னு ஒண்ணு. தொடையில குறுக்கா ஓடுது. தையக்காரத் தசை. சம்மணம் போட்டு உக்காந்து தைக்கதுக்கு ஒதவுதுன்னு அப்படிப் பேரு."

"புதியம்புத்தூர் தையக்காரனுக்கு மட்டும் இருக்குமோ?"

"ஒங்களுக்கும் இருக்கு. பொத்தான் தைக்கத்தான் தெரியாது." தோசையைத் திருப்பிப் போட்டாள். "கெண்டைக்காலுக்குள்ள சோலியஸ். தட்டையா நாக்குமீன் மாதிரி கெடக்குமாம். மஸில்ங்கிற பேருக்கே சுண்டெலின்னுதான் அர்த்தம். புஜத்த மடக்கினா தோலுக்கடியில எலி ஓடுத மாதிரி இருக்குல்லா?"

நேசமணி கையை மடக்கினான். எலி ஓடியது. நீட்டினான். வளைக்குள் போயிற்று. மறுபடி மடக்கினான். இத்தனை வருஷமாக மைதானத்தில் ஓடியிருக்கிறான். தன்னோடு ஒரு தையல்காரனும் ஒரு மீனும் இரண்டு எலிகளும் சேர்ந்து ஓடிய விஷயத்தை ஒருத்தரும் அவனிடம் சொன்னதில்லை.

"கண்ணிமையத் தூக்கதுக்குன்னு தனியா ஒரு தசை. லெவேட்டர் பால்பெப்ரே சுப்பீரியோரிஸ்."

"இத்துனூண்டு இமைக்கா இம்புட்டு நீளப் பேரு!"

"அது தளந்து போற சீக்கும் இருக்கு. மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்லுதது தசைக்குச் சரியா எட்டாது. வலி இருக்காது. மொதல்ல இமைதான் விழும்."

வலி இருக்காது. நேசமணி தட்டைக் கீழே வைத்தான். வலி இல்லாத சீக்கில் கட்டை விரலுக்கு என்ன வேலை?

"மூடுன கண்ணு மேல ஐஸ்கட்டிய வச்சிருந்து எடுத்தா, இமை மேல எந்திரிக்கும். அத வச்சே கண்டுபிடிச்சுருவாவ. அப்பறம்…"

கடையிலிருந்து போன் வந்தது. கருகிப்போன கிணற்று மோட்டாரோடு ஒரு சம்சாரி காத்திருக்கிறார். மோட்டார் காயில் கட்டுவதுதான் நேசமணியின் தொழில். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். முதுகுக்குப் பின்னால் அவள் படித்துக்கொண்டே இருந்தாள். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் அவன் நிற்கவில்லை.

பைக் கண்ணாடியில் பழகினான். இரண்டு இமையையும் தளர்த்தினால் தூங்குகிறவன் மாதிரி இருந்தது. இடது இமையை மட்டும் பாதி இறக்கிப் பார்த்தான். பரிதாபமாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடது கண் பாதி மூடியபடி வீட்டுக்குள் வந்தான்.

"ஏங்க, கண்ணுக்கு என்ன?"

"தெரியல. இமை தூக்கவே மாட்டேங்குது. கை காலெல்லாம் ஓஞ்சு வருது."

"வலிக்கா?"

"துளி வலி இல்ல."

அஞ்சலின் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். கைக்குட்டையில் ஐஸ்கட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து இடது கண்மேல் வைத்தாள். குளிர் மண்டைக்குள் போய் பல்லில் இறங்கியது. நேசமணி அசையவில்லை. அவள் கைக்குட்டையை எடுத்ததும் இமையை மெல்ல, கடை ஷட்டரைத் தூக்குவதுபோல நிதானமாகத் தூக்கினான். தன் வாழ்நாளிலேயே இவ்வளவு நேர்த்தியாக ஒரு காரியம் செய்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"மாதாவே!" அஞ்சலின் நெஞ்சில் கை வைத்தாள். "அதேதான்."

"எதுட்டி?"

"மயஸ்தீனியா. நெசமாவே இமை தூக்க முடியலதான? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மாதா பேரை மட்டும் இழுக்காமல், "சத்தியமா முடியலட்டி," என்றான்.

"அப்பஞ்சரி. திங்கக்கெழம பெரிய டாக்டர்ட்ட போவோம். ஒவ்வொரு தசையிலயும் ஊசிய எறக்கிச் சோதிப்பாவ."

திங்கட்கிழமைக்குள் குணமாகிவிடலாம் என்று நேசமணி கணக்குப் போட்டான். "நாளைக்குக் காட்டுக்கு வர முடியாதேன்னுதான் வருத்தமா இருக்கு."

"ஏன் முடியாது?"

"சீக்குல்லா?"

"அன்னைக்கு நான் படிச்சு முடிக்கதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்க. மிச்சத்தக் கேளுங்க." சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டே சொன்னாள். "இந்தச் சீக்குல தூங்கி எந்திரிச்சா காலையில ஒடம்பு நல்லா இருக்கும். பொழுது போகப் போகத்தான் தளரும். சாயங்காலம் ரொம்ப மோசம், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். உளுந்தும் அப்படித்தான். விடியக் கருக்கல்ல பனி ஈரத்தோட பிடுங்குனாத்தான் நெத்து வெடிக்காது. ரெண்டுக்கும் பொருத்தமா அமஞ்சிட்டு."

நேசமணிக்கு வாய் தளர்ந்தது. அதற்கும் ஒரு தசை இருக்கும்.

"கார்த்திகேசன் அண்ணாச்சிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிருதேன். பந்து ரெண்டா தெரிஞ்சா எத அடிப்பீங்க?"

போட்டாள். கார்த்திகேசன் மிகவும் வருத்தப்பட்டான். ஆனால் உடனே வேறு ஆளைச் சொல்லிவிட்டான்.

விடியும்போது இருவரும் கரிசலில் குனிந்திருந்தார்கள். மண் வெடிப்புகளுக்கு மேலே செடிகள் பனியில் கறுத்து நின்றன. வரப்பில் உட்கார்ந்திருந்த மாமனார், "மாப்பிள்ளைக்கு ஒடம்பு சொகமில்லையாமே," என்றார். "காலையில தேவலாம்ப்பா," என்று அஞ்சலினே பதில் சொன்னாள். நேசமணி ஒரு வரிசை முடித்து நிமிர்ந்தபோது அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஒருதரம்கூட நிமிர்ந்ததாகத் தெரியவில்லை. அவளுக்குள்ளும் அதே தையல்காரனும் அதே மீனும்தான். அவள் மட்டும் அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்குகிறாள் என்று நினைத்தான். வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதுகு பிடிக்கா?" என்றாள், திரும்பாமலே. "எரெக்டர் ஸ்பைனே. நம்மள நிமுந்து நிக்க வைக்குதது அதுதான்."

இப்போது நிஜமாகவே வலித்தது.

வெயில் ஏறி வேலையை நிறுத்தியபோது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "ஏட்டி, சீக்கு போயிட்ட மாதிரி இருக்கு. சாயங்காலம் மைதானம் வரைக்கும் சும்மா…"

"போயிட்டா? மாதா காப்பாத்துனா. பிடுங்குன செடிய எல்லாம் சாயங்காலம் களத்துக்குச் சொமக்கணும். ஆளில்லன்னு அப்பா பொலம்பிட்டு இருக்காவ."

நேசமணி காட்டைப் பார்த்தான். குவியல் குவியலாகச் செடி கிடந்தது. பிறகு ஓர் இமையை மெல்ல, நிதானமாக இறக்கினான்.

"நேத்து எடது கண்ணுல்லா," என்றாள் அஞ்சலின்.